கியூபெக் கேட்டாயிற்று

பேசும் முன் கேள்.
பொத்தானை அழுத்து, அரை மூச்சு பொறு, பிறகு வாயைத் திற.
இல்லையென்றால் முதல் சொல் தலையறுந்து போய்ச் சேரும்.
யாரைக் கூப்பிடுகிறாய், நீ யார், எங்கே இருக்கிறாய்,
என்ன வேண்டும்.
கடைசியில் அந்த ஒற்றை எழுத்து.

எழுத்து என்பது
கோவை ஓடுபாதையின் காற்று, பார்வைத் தொலைவு,
மேகத்தின் அடிமட்டம், அழுத்தம்
அத்தனையையும் ஒரு பதிவுக் குரல் ஓயாமல் ஓதிவிட்டு
முடிவில் சூட்டும் பெயர்.
இன்று பதினொரு மணிக்கு அது கியூபெக்.
நான் போயிராத ஏதோ குளிர்தேசத்து ஊர்.
"கியூபெக் கேட்டாயிற்று" என்றால் போதும்,
கேட்டதை ஒப்பிக்க வேண்டாம்.
சிலர் ஒப்பிப்பார்கள்.
சிலர் "எல்லாம் இருக்கு" என்பார்கள்.
என்ன இருக்கு என்று கோபுரம் கேட்க வேண்டிவரும்.
அதற்குள் இறங்க வந்த சென்னை விமானம்
இன்னொரு வட்டம் அடிக்கும்.

அழுத்தம் மட்டும் விதிவிலக்கு.
அவள் ஆயிரத்துப் பதினான்கு என்றால்
நானும் ஆயிரத்துப் பதினான்கு என்றே சொல்ல வேண்டும்.
சரி என்கிற சொல்லுக்கு உயரம் கிடையாது.

அவள் பெயர் எனக்குத் தெரியாது.
நான்கு வருடமாகக் குரல்தான்.
சளி பிடித்த நாட்களைத் தெரியும்.
இரவுப் பணி முடியும் விளிம்பில்
எண்களுக்கு நடுவே அவள் விடும் இடைவெளி தெரியும்.
அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.
அலைவரிசை எங்கள் இருவருக்கு மட்டுமானதில்லை.

பின்னிருக்கையில் இரண்டு அதிகாரிகள்,
ஒருவர் மடியில் நாடா கட்டிய கோப்பு.
"கோவை வானிலையை வைத்துக்கொண்டு
ஊட்டியில் என்ன செய்வீர்கள்?" என்றார், காதுக்கருவி வழியே.
நியாயமான கேள்வி.
பதில் சொல்ல எட்வினுக்குக் கை காட்டினேன்.
அவன் வரைபடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

மேட்டுப்பாளையம் தாண்டினால் எழுத்துகள் தீர்ந்துவிடும்.
பாக்குத் தோப்புகள் கீழே சரியும்,
பல்சக்கர ரயில் பாதை ஒரு கீறலாகும்.
அதற்கப்புறம் ஹாலன்தான்.
தீட்டுக்கல் தளத்தில், தீயணைப்புத் துறைச் சட்டைக்கு மேல் கம்பளி,
கையில் செங்கல் போல ஒரு வாக்கி.

"மேடம், காத்துப்பை மேற்கேருந்து பாதி நிறையுது.
தொட்டபெட்டா இல்லை.
கேத்தி பக்கம் கேரட் தோட்டம் வரைக்கும் தெரியுது.
அதுக்கு அந்தாண்டை தெரியலை,
தெரியாததை நான் சொல்ல மாட்டேன்.
தளத்துல ரெண்டு குதிரை. விரட்டறேன்."

எந்தக் கையேட்டிலும் இல்லாத வாசகங்கள்.
ஆனால் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியவில்லை என்னால்.
தொட்டபெட்டா இல்லை.
அவ்வளவு பெரிய மலை.

குன்னூரின் தேயிலைச் சரிவுகளுக்கு மேலே
வெள்ளை எங்களுக்கு நேராக ஏறிவந்தது.
வாக்கி கரகரத்தது:
"மேடம், கேரட் தோட்டமும் போச்சு."

ஒருவரும் குரலை உயர்த்தவில்லை.
"திரும்புகிறேன், ஹாலன்."
"திரும்புறீங்க, மேடம்."
அப்படியே திருப்பிச் சொன்னார், அழுத்தத்தைச் சொல்வதுபோல.
கோப்புக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.
அதிலும் மூடுபனி இருந்திருக்கலாம்.

இறங்கும்போது நாக்கு நுனியில் கியூபெக் இருந்தது.
சொல்லியிருப்பேன்.
அரை மணிக்கு முந்தைய காற்றை
இப்போதைய காற்று என்று சொல்லியிருப்பேன்.
பொத்தானிலிருந்து விரலை எடுத்துக் கேட்டேன்.
எழுத்து மாறியிருந்தது.

"ரோமியோ கேட்டாயிற்று, திரும்பி வருகிறோம்,
ஆட்கள் நால்வர்."
அவள் உடனே பதில் சொல்லவில்லை.
பொத்தான் அழுந்திய சத்தம் மட்டும்,
குரல் வரும் முன் ஒரு கணம்.
பிறகு அழுத்தம்.
ஆயிரத்துப் பதின்மூன்று.
ஆயிரத்துப் பதின்மூன்று என்றேன்.

விசிறி நிற்கும் முன்பே கைபேசி அதிர்ந்தது.
"நீங்க போன கையோட வெயில் வந்துடுச்சு மேடம்.
தொட்டபெட்டா இருக்கு. குதிரையும் வந்துடுச்சு."
அவர் சிரிக்கவில்லை, நானும் இல்லை.
"இதுக்கு உங்க ஊர்ல என்ன எழுத்து?"

எழுத்து வேண்டாம், நேரம் சொல்லுங்கள் என்றேன்.

கொஞ்சம் காற்றுச் சத்தம்.
கம்பளிக் கையை மேலே தள்ளுகிறார் போல.
"பதினொண்ணு நாப்பத்திரெண்டு.
இல்லை, இருங்க,
நாப்பத்திமூணு."